படக் கலைநூலைப் படிப்பது எப்படி? பழைய நாகரிகங்களின் கட்டடமும் சிற்பமும்: திருகோணமலை வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எகிப்து, கிரேக்கம், சிந்துவெளி, மாயா, சோழர் என்று பழைய நாகரிகங்களின் கட்டடங்களைப் படம் படமாகக் காட்டும் கனத்த நூல் ஒன்று நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது, அல்லது பாடசாலைப் பரிசளிப்பில் கிடைத்தது. வந்த அன்று எல்லோரும் சுற்றியிருந்து புரட்டுவார்கள். மறுநாள் அது கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடும். படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வருடம் தீனி போடக்கூடிய நூலை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறோம்.

திருகோணமலைக்காரருக்கு இவ்வகை நூல்களில் மற்றவர்களைவிடக் கூடுதலான அக்கறை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நமது ஊரின் மிகப் பெரிய பழங்கட்டடம் இன்று இல்லை. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். இன்று சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் நாம் காணும் ‘பழைய கோணேசர் கோவில்’ ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மனத்தில் கட்டியது. ஒரு படத்தில் கண்டது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் உலகில் வேறெவருக்கும் முன் நமக்கு வந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்துக்கானது.

முதற்படி: கையில் இருப்பது எந்த வகை நூல் என்று பாருங்கள்

எல்லாப் படநூலும் ஒன்றல்ல. உலக நாகரிகங்களை ஒரே கட்டில் அடக்கும் பொதுநூல் ஒரு வகை. ஓர் ஊரையோ ஒரு கோவிலையோ மட்டும் எடுத்து அங்குலம் அங்குலமாகப் பேசும் தனிநூல் இன்னொன்று. அருங்காட்சியகக் கண்காட்சிக்காக வெளியாகும் விவரத் தொகுப்பு மூன்றாவது. சிலைக்கும் நகைக்கும் இதைவிடச் சிறந்தது கிடையாது, கட்டடத்துக்கு அவ்வளவு உதவாது. நான்காவது, இடிந்த கட்டடத்தை முன்பிருந்தபடி வரைந்து, சுவரைப் பிளந்து உள்ளே காட்டும் மீளுருவாக்கப் படநூல். பெரும்பாலும் பிள்ளைகளுக்காக வருவது. பெரியவர்கள் ஒளித்துவைத்துப் படிப்பது.

தொடங்குபவர் ஒரு பொதுநூலும் ஒரு தனிநூலும் வைத்திருந்தால் போதும். பொதுநூல் எதை எதோடு ஒப்பிடலாம் என்று சொல்லும்; தனிநூல் எவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும் என்று காட்டும். பத்துப் பொதுநூல் வாங்கினால் அதே பிரமிட்டைப் பத்துத் தடவை பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: வாங்குமுன் சோதியுங்கள்

அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். நூலைப் பின்பக்கமிருந்து திறவுங்கள். சொல்லடைவு இருக்கிறதா? படங்களின் பட்டியல் இருக்கிறதா? படத்தின் கீழ் இடம், காலம், பொருள், அளவு ஆகிய நான்கும் உள்ளனவா? ‘பழங்காலச் சிலை, எகிப்து’ என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரப் புத்தகம். வாங்கலாம், ஆனால் அதற்குரிய விலையில்.

அடுத்தது பதிப்பு ஆண்டு. மறுபதிப்பு ஆண்டைப் பெரிதாகவும் முதற்பதிப்பு ஆண்டைச் சிறிதாகவும் போடுவது பதிப்பகங்களின் வழக்கம். படங்களுக்கு வயது ஒரு குறையன்று. உரைக்கு அது குறை. அகழாய்வு தொடரும் இடங்களைப் பற்றிப் பழைய நூல் சொல்வதைப் புதிய நூலோடு ஒத்துப்பாருங்கள்.

மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நூலில் நடராசர் படத்தைத் தேடுங்கள். வலக்கால் முயலகன்மேல் ஊன்றியிருக்க, இடக்கால் தூக்கியிருக்க வேண்டும். கால் மாறியிருந்தால், மதுரை வெள்ளியம்பலத்து நடராசரைத்தான் காட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். அங்கே வலக்காலே தூக்கியது. அதுவும் இல்லையென்றால் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டுவிட்டார்கள். நமக்குத் தெரிந்த உருவத்தில் இந்தக் கவனயீனம் என்றால், நமக்குத் தெரியாத மாயா சிற்பத்தில் என்ன செய்திருப்பார்கள்?

நமது பக்கத்தை நூல் எப்படி நடத்துகிறது என்பதையும் பாருங்கள். பனிஸ்டர் பிளெச்சரின் பெயர்பெற்ற கட்டடக்கலை வரலாறு 1896இல் முதலில் வெளிவந்தது. அதன் பிந்திய பதிப்புகளில் ‘கட்டடக்கலை மரம்’ என்று ஒரு படம் வரும். அடிமரம் கிரேக்கம், உரோமை என்று மேலே வளர்ந்து ஐரோப்பாவாகப் பூக்கும். இந்தியா, சீனா முதலியவை பக்கக் கிளைகளாக அங்கேயே நின்றுவிடும். அவற்றுக்கு அந்நூல் கொடுத்த தலைப்பு ‘வரலாறு சாராத பாணிகள்’. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வரலாறு இல்லையாம்! அதற்காக அந்த நூலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதிலுள்ள அளவுப் படங்கள் இன்றும் பொன். படத்தை எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: புகைப்படத்தை மூடி வைத்துக் கிடைப்படத்தில் தொடங்குங்கள்

வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். பளபளப்பான புகைப்படம் ஒரு கட்டடத்தின் ஒரு மூலையை, ஒரு வெயிலில், ஒருவர் நின்ற இடத்திலிருந்து காட்டுகிறது. கிடைப்படம், அதாவது கட்டடத்தைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்த்ததுபோல் வரைந்த தரைப்படம், முழுக் கட்டடத்தையும் காட்டுகிறது. ஆனாலும் பத்தில் ஒன்பது வாசகர்கள் கறுப்புக் கோடுகள் நிறைந்த அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டிக் கடக்கிறார்கள்.

கிடைப்படத்தில் தடித்த கறுப்பு என்பது வெட்டுப்பட்ட சுவர். தனித்தனிப் புள்ளியோ சதுரமோ தூண். புள்ளிக்கோடு என்றால் மேலே இருக்கும் கூரை, அல்லது இன்று இல்லாத சுவர். ஓரத்தில் வடக்கு அம்பும் அளவுகோலும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத கிடைப்படம் வெறும் கோலம்.

இனிச் செய்ய வேண்டியது: அடிமட்டத்தை எடுத்து அளவுகோலை அளந்து, கட்டடத்தின் நீள அகலத்தை நீங்களே கணக்கிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு அந்த அளவை நிலத்தில் போடுங்கள். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். வளவுக்குள் கயிறு பிடித்துப் பார்த்தால் ‘பெரும்’ என்ற சொல்லை மறுபரிசீலனை செய்வீர்கள்; நம்மூர்த் தீர்த்தக்கேணிகளில் பல இதைவிடப் பெரியவை. அதன் பெருமை அளவில் இல்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் செங்கல்லை நெருக்கி அடுக்கி, நிலக்கீல் பூசித் தண்ணீர் கசியாமல் நிறுத்தினார்களே, அதில் இருக்கிறது.

கிரேக்கரின் பார்த்தினன் கோவில் ஏறத்தாழ 70 மீட்டருக்கு 31 மீட்டர். முகப்பில் 8 தூண்கள், பக்கத்தில் 17. மூலைத்தூணை இரண்டு பக்கத்துக்கும் எண்ணுவதால் வெளிச்சுற்றில் மொத்தம் 46. கடற்கரை மணலில் மாலை வேளையில் பிள்ளைகளைத் தூணாக நிறுத்திப் பாருங்கள். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கும் மாணவர்கள் இதை ஒருமுறை நடந்து பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது. கீசாவின் பெரிய பிரமிட்டுக்கு ஒரு பக்கமே 230 மீட்டர். அதற்கு நீண்ட கடற்கரை வேண்டும்.

கிடைப்படம் பழகியதும், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் வெட்டுமுகத்துக்குப் போங்கள். மூன்று கட்டடங்களை அருகருகே வையுங்கள்: பிரமிட், அநுராதபுரத்தின் ஜேதவனாராமத் தாதுகோபம், 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோவில். வெளியே மூன்றும் மலைபோல் எழுபவை. வெட்டுமுகத்தில் பிரமிட் சில ஒடுங்கிய வழிகளும் அறைகளும் கொண்ட கற்குவியல். ஒருகாலத்தில் 122 மீட்டர் உயர்ந்து நின்ற ஜேதவனாராமம் செங்கற்களால் நிறைந்த திண்மம். தஞ்சை விமானமோ உள்ளே வெறுமை. கருவறைக்கு மேல் கல் சுருங்கிச் சுருங்கிப் போக, நடுவில் இருண்ட வெளி. இவ்வளவையும் ஒரு பக்கத்துக் கோடுகள் சொல்கின்றன. நூறு வண்ணப் படம் சொல்லாது.

நான்காம் படி: வரைந்த கை யாருடையது என்று கேளுங்கள்

புகைப்படம் வருமுன் வெளியான படங்களும், அவற்றிலிருந்து எடுத்த மறுபதிப்புகளும் இன்றைய நூல்களில் நிறைய வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நோக்கம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் உரோமின் இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கிய பிரனேசி, கட்டடத்தை மலையளவு காட்டுவதற்காக மனிதர்களை எறும்பளவில் போடுவார். அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் சென்ற ஸ்டுவர்ட்டும் ரெவெட்டும் நேர்மாறு. தூணைத் தொட்டு அளந்து வரைந்தார்கள். அவர்களின் முதல் தொகுதி 1762இல் வந்தபோது ஐரோப்பியக் கட்டடங்களின் முகமே கிரேக்கமாக மாறத் தொடங்கியது. நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்தபோது கூடவே அறிஞர் கூட்டத்தையும் கொண்டுபோனார். 1809 முதல் வெளிவந்த அந்தப் பெருந்தொகுதிகளை இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; கல்லெழுத்துகளைப் படிக்கும் கலை கைவருமுன் வரைந்தவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மத்திய அமெரிக்காவின் மாயாக்களின் கதை இன்னும் சுவையானது. அவர்களின் பலெங்கே நகரத்தை வரைந்த ஓவியர் வால்டெக், அங்குள்ள எழுத்துருக்களில் யானைத்தலைகளைக் கண்டு வரைந்தார். மாயாக்கள் யானையைப் பார்த்ததே இல்லை; அவர்கள் ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா அடங்கிய பழைய உலகத்திலிருந்து வந்தவர்கள் என்ற அவருடைய கொள்கைதான் யானையைக் கொண்டுவந்தது. பின்னர் 1839இல் கொப்பான் என்ற மாயா நகருக்குப் போன ஆங்கிலேய ஓவியர் கதர்வுட், கண்ணாடிப் பட்டகம் வழியாக உருவத்தைத் தாளில் விழவைத்துக் கோடு பிடிக்கும் கருவியைக் கொண்டு போனார். அந்தச் சிற்பங்களின் ஒழுங்கு முதலில் அவர் கைக்கு வசப்படவே இல்லை, போராடித்தான் பிடித்தார். இரண்டு பேரின் படங்களையும் ஒரே பக்கத்தில் பார்த்தால், கண் எப்போதும் தெரிந்ததையே காணும் என்பது விளங்கும்.

இந்த வரிசையில் நமக்கு நெருக்கமான ஒருவரைப் பொதுநூல்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ், சிற்ப சாத்திரச் சுவடிகளைத் தேடி எடுத்து, அவற்றில் விளங்காத இடங்களைத் தொழில்செய்யும் சிற்பிகளிடமே கேட்டுத் தெளிந்து எழுதினார். அவர் மறைந்தபின் 1834இல் 48 படத்தகடுகளோடு இலண்டனில் அந்த ஆய்வு அச்சேறியது. அளவும் விகிதமும் பெயரும் சேர்ந்த அந்தப் படங்கள், கோவிலைக் கட்டியவர்களின் கணக்கிலேயே கோவிலைக் காட்டுபவை. பனிஸ்டர் பிளெச்சர் நூலுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் முந்தியது இது.

நிறத்தையும் ஒரு சொல்லில் கவனித்துவிடுவோம். கிரேக்கச் சிலைகள் வெள்ளை வெளேரென்று நிற்கும் படங்கள் நம் கண்ணைப் பழக்கிவிட்டன. அவை செய்யப்பட்டபோது வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. நமது கோபுரத்துச் சுதைகளைப் பார்த்து ‘இவ்வளவு நிறமா’ என்று முகம் சுளிப்பவர்கள் இதை அறிந்துவைக்கலாம்.

ஐந்தாம் படி: ஊகத்தைப் பென்சிலால் பிரியுங்கள்

மீளுருவாக்கப் படம் ஒன்றை எடுங்கள். மேலே திறேசிங் தாளை வைத்து மூன்று அடையாளம் போடுங்கள்: இன்றும் நிற்பதற்கு ‘க’, அகழ்ந்து எடுத்ததற்கு ‘அ’, ஊகத்துக்கு ‘ஊ’. நல்ல நூல் என்றால் உரையிலேயே இதற்கு விடை இருக்கும். விடை இல்லாவிட்டால் அதுவே உங்கள் மதிப்பீடு.

வட்டதாகே என்ற வட்டக் கோவில்கள் இதற்கு நல்ல பயிற்சி. நமது மாவட்டத்திலேயே திரியாயில் ஒன்று இருக்கிறது. நடுவில் தாதுகோபம், சுற்றிக் கற்றூண் வட்டங்கள். தூண் ‘க’. மேலே கூரை? சில நூல்கள் அடுக்கடுக்கான மரக்கூரையை வரைந்திருக்கும். அந்தக் கூரையின் வடிவம் பற்றி ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாதம் உண்டு. கூரை இருந்ததா என்றே கேட்டவர்களும் உண்டு. படத்தில் கூரை உறுதியான கோட்டில் இருக்கிறதா, புள்ளிக்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியரின் நேர்மை அந்தக் கோட்டில் தெரியும்.

அடுத்து வீட்டுச் சுவரில் தொங்கும் கோணேசர் கோவில் படத்துக்கு வாருங்கள். சான்று என்று நம்மிடம் இருப்பது இவ்வளவு: ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோயிலும் சுனையும் கடலும் சூழ்ந்த கோணமாமலையைப் பாடியிருக்கிறார். மலையேறும் வழியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் தலைமையானது என மூன்று கோவில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். இடிபட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் எழுதியவர் அவர். 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்கள் இருக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் கண்ட செதுக்கிய கற்கள் இருக்கின்றன. கோட்டைச் சுவரில் சிதறிய துண்டுகள் இருக்கின்றன. கோபுரத்துக்கு எத்தனை நிலை, மண்டபத்துக்கு எத்தனை தூண் என்பதெல்லாம் ‘ஊ’. பக்திக்கு அந்தப் படம் போதும். நூல் என்று அச்சிடுபவர் ‘ஊ’வை ‘ஊ’ என்று சொல்லியாக வேண்டும்.

ஆறாம் படி: உறுப்புகளின் பெயரைக் கையால் கற்றுக்கொள்ளுங்கள்

பெயர் தெரியாத உறுப்பு கண்ணில் படாது. திராவிட விமானத்துக்குக் கீழிருந்து மேலாக ஆறு: அதிட்டானம் (அடித்தளம்), சுவர், பிரஸ்தரம் (கூரைவரி), கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை), ஸ்தூபி (கலசம்). இவற்றை ஒருமுறை வரைந்தவர் மறக்கமாட்டார். நூலின் படத்தைப் பார்த்து வரையுங்கள், அழகாக வர வேண்டியதில்லை.

தூணில் போதிகையைத் தனியாகக் கவனியுங்கள். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கை அது. காலத்தைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். பல்லவர் போதிகை பெரும்பாலும் வளைந்து, அலை அலையான வரிகளோடு இருக்கும். சோழரிடம் அது சாய்வாக வெட்டுப்பட்டு, நடுவில் சிறு புடைப்போடு நிற்கும். விசயநகர காலத்தில் நீண்டு வளைந்து, நுனியில் தாமரை மொட்டுத் தொங்கும். இன்று சீமெந்தில் வார்க்கும் மண்டபங்களில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவத்தின் பேரப்பிள்ளை. கூரை விளிம்பில் குதிரைலாட வளைவாக வரும் கூட்டுக்கும் இதே கதை: பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போலிருக்கும், சோழர் அங்கே சிங்கமுகத்தை வைத்தார்கள். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ஜூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிச் சிறு உறுப்புகளின் மாற்றத்தைக் கொண்டே கோவில்களின் காலத்தை வரிசைப்படுத்திக் காட்டினார்.

ஏழாம் படி: நூலோடு கல்லிடம் போங்கள்

முதலில் பிரட்றிக் கோட்டை வாசல். மான்களைப் படமெடுத்துவிட்டு நேரே மலையேறுபவர்களே அதிகம். வாசற்கல்லில் இணைக்கயல் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. சாய்ந்த வெயில் விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. கல்வெட்டுப் படங்கள் நூல்களில் ஏன் பக்கவெளிச்சத்தில் எடுக்கப்படுகின்றன என்பது அங்கே நின்றால் புரியும்.

அடுத்தது வெல்கம் விகாரை. கன்னியாவுக்குப் போகும் நாளிலேயே பார்த்துவிடலாம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி இது. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. ஆறாம் படியில் வரைந்த அதிட்டானப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தள வரிகளை ஒப்பிடுங்கள். சமயம் ஒன்று, கட்டட நடை இன்னொன்று என்று பெட்டி பிரித்து எழுதும் பொதுநூல்கள் இங்கே திணறும். திரியாய் மலையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று பாறையில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழுநாள் கிடைத்தால் பொலன்னறுவைக்குப் பஸ் ஏறி இரண்டாம் சிவாலயத்தைப் பாருங்கள். வானவன்மாதேவி ஈச்சரம் என்று கல்வெட்டில் பெயர் கொண்ட சோழர் கோவில். சிறியது, முழுக்கக் கல், சிகரம் வரை நிற்கிறது. தஞ்சையின் ஆறு உறுப்புகளையும் கழுத்து வலிக்காமல் பார்க்க இதைவிட வசதியான இடம் இலங்கையில் கிடையாது.

நூல் கிடைக்கும் இடங்கள்

நகரப் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் தொடங்குங்கள். கொழும்பில் ஆண்டுதோறும் செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் கடைசி நாள் விலை இறங்கும்; மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசலாம். பழைய நூலில் படத்தகடுகளை எண்ணிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள், சுவரில் மாட்டச் சட்டம் போட அவற்றை வெட்டியெடுத்துவிடுவார்கள். இணையத்தில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமும் கெட்டி நிறுவனமும் தங்கள் பழைய வெளியீடுகள் பலவற்றை இலவசமாகத் தருகின்றன. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ மின்னூலகம் இருக்கிறது. கைபேசியில் கிடைப்படம் பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பக்கத்தை ஏ4 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றும் மாரி மழையும்

படநூல்கள் பெரும்பாலும் பூச்சுப் பூசிய வழுவழுப்புத் தாளில் அச்சாகின்றன. கடலோர ஊருக்கு ஒவ்வாத தாள் அது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அலுமாரிக் கதவை நாட்கணக்கில் பூட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி அலுமாரியை வையுங்கள், கால்களுக்குக் கீழே கறையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழையில்லாத நாட்களில் கதவைத் திறந்துவிடுங்கள். கனத்த நூலை நிறுத்திவைத்தால் தாளின் பாரமே தையலை அறுக்கும். படுக்கவையுங்கள், மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். வெயிலில் காயப்போட்டால் தாள் வளைந்துவிடும், நிழற்காற்று போதும். கூரை ஒழுக்கில் நனைந்துவிட்டால் காயும்வரை காத்திருக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் எழுதாத வெள்ளைத்தாள் செருகி, நனைந்த தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பூச்சுத்தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க வழியில்லை.